அரூபப் புகைப்படம் சொதப்பினால் எங்கே பார்ப்பது?

ஓவியம் மாதிரி, பொருள் எதுவென்று காட்டாமல் நிறமும் வடிவமும் மட்டும் பேசும் அரூபப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்று இறங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். நானும் எல்லாவற்றிலும் விழுந்து எழுந்தவன். இப்போது யாராவது படத்தை அனுப்பி "இதில் என்ன தப்பு?" என்று கேட்டால், பதிலுக்கு நான் கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. அவற்றை எழுதி வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் நேரம் மிச்சம்.

உங்கள் படத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரிசெய்யக்கூடியது முதலில் வரும், காசு கேட்பது கடைசியில் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிப் படம் நன்றாக வந்துவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாமல் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் கேமராவில் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கை அசைவைத் தானாகத் திருத்தும் ஸ்டெபிலைசேஷன் அணைந்திருக்கிறதா? ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓ அணைந்திருக்கிறதா? வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இல்லாமல் ஒன்றில் நிற்கிறதா? படம், சென்சார் கண்டதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதிவாகிறதா? வரும் புகார்களில் பெரும்பங்கு இங்கேயே தீர்ந்துவிடும். கேமரா தன் இஷ்டத்துக்கு உங்களைத் திருத்திக்கொண்டிருக்கும் வரை நீங்கள் எடுப்பது பாதி அதனுடைய படம்.

## படம் வெறுமனே கை நடுங்கிய படம் மாதிரி இருக்கிறது

ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுக்கும் படங்களில் வரும் புகார் இது. மற்ற எல்லாப் புகார்களையும் கூட்டினாலும் இதன் எண்ணிக்கை அதிகம்.

### முதலில் ஷட்டர் வேகம்

1/60, 1/30 நொடியில் அசைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பிழையாகத்தான் தெரியும். "கவனமாக எடுக்கப் பார்த்து முடியாமல் போயிருக்கிறது" என்று நினைத்துக்கொள்வார். தூரிகை இழுத்த தடம் போலத் தெரிய அசைவு நீளமாக இருக்க வேண்டும். 1/8 நொடியில் ஆரம்பித்து 1/4, 1/2, 1 நொடி என்று ஒரே காட்சியை நான்கு முறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருவம் கரைந்தும் முழுக்கத் தொலையாமலும் இருக்கும் ஒரு வேகம் அதற்குள் இருக்கும். எனக்குப் பெரும்பாலும் 1/4-க்கும் 1/2-க்கும் நடுவில் சரியாக வருகிறது. உங்கள் கை வேறு, கணக்கும் வேறாகலாம்.

### வேகம் சரி, ஆனாலும் குழப்பமாக இருக்கிறது

அசைவின் திசையைப் பாருங்கள். மரங்கள் செங்குத்தாக நிற்கின்றன, கேமராவை மேலும் கீழும் இழுங்கள். அலை, வயல், அடிவானம் கிடையாகக் கிடக்கின்றன, பக்கவாட்டில் இழுங்கள். பொருளில் இருக்கும் கோட்டின் திசையிலேயே போனால் அந்தக் கோடு நிற்கும், மற்றதெல்லாம் கரையும். குறுக்கே போனால் எல்லாம் சேர்ந்து கரைந்துவிடும். குறுக்கே போவது தப்பில்லை. ஆனால் நேர் அசைவு கைவந்த பிறகு அதை முயலுங்கள்.

### தடத்தின் முனையில் கொக்கி மாதிரி வளைவு தெரிகிறது

ஷட்டரை அழுத்திய பிறகுதான் அசைக்க ஆரம்பிக்கிறீர்கள், மூடுவதற்குள் நிறுத்தியும் விடுகிறீர்கள். கிரிக்கெட் மட்டையைச் சுழற்றுகிறவர் பந்தைத் தொட்டதும் நிறுத்துவதில்லை, கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதேபோல முதலில் அசைவை ஆரம்பித்து, நடுவில் அழுத்தி, ஷட்டர் மூடிய பிறகும் கை போகட்டும். அழுத்தும்போது விரல் அசைவைக் கெடுக்கிறது என்றால் 2 நொடி டைமரை வைத்துக்கொள்ளுங்கள்.

### கோடு நேராகப் போகாமல் தானாக முறிந்து நிற்கிறது

ஸ்டெபிலைசேஷன். அணைத்துவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். சில கேமராக்களில் உடலில் ஒன்று, லென்ஸில் ஒன்று என்று இரண்டு இருக்கும். கடலுக்கு முன்னால் ஒரு மாலை முழுக்க இருநூறு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் அடிவானம் படிக்கட்டு மாதிரி இருந்தது. லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஸ்விட்ச் மேலே தள்ளியிருந்தது, அவ்வளவுதான். இப்போது பையிலிருந்து லென்ஸை எடுக்கும்போதே விரல் அந்த ஸ்விட்சைத் தேடிப் போகிறது.

### எல்லாம் சரி, ஆனால் கண் நிற்க இடமில்லை

அசைவில் கோளாறு இல்லை, படத்துக்கு ஓர் ஊன்று இல்லை. டர்னர் 1844-இல் காட்டிய 'மழை, நீராவி, வேகம்' ஓவியத்தில் வானமும் ஆறும் பாலமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஆனால் ரயில் எஞ்சினின் கறுத்த புகைபோக்கி மட்டும் கெட்டியாக நிற்கிறது. அதை விரலால் மறைத்துப் பாருங்கள், மொத்தப் படமும் நழுவிப் போகும். நம் படத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

அதைக் கொண்டுவர எளிய வழி இதுதான். ஒரு நொடிப் பதிவில் முதல் பாதியில் கேமராவை அசைக்காமல் பிடியுங்கள், இரண்டாவது பாதியில் இழுங்கள். அடியில் ஒரு மெல்லிய உருவமும் மேலே தடமும் சேர்ந்து விழும். இல்லையென்றால் ஒரு கரும் பொருளோ ஒரு வெளிச்சப் புள்ளியோ சட்டத்துக்குள் வரும்படி நில்லுங்கள்.

### காசு செலவாகும் கட்டம்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் அடிவானம் கோணலாக வந்துகொண்டே இருந்தால் ட்ரைபாட். அதன் தலையில் கிடைமட்டச் சுழற்சியை மட்டும் தளர்த்திவிட்டு மற்றதை இறுக்கிவிடுங்கள். இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என்னுடையது ஒரு வருடமாக மூலையில் நிற்கிறது.

இந்தக் கோளாறில் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய நேரம் ஒன்றே ஒன்று. ஸ்டெபிலைசேஷனை இரண்டு இடத்திலும் அணைத்தும் படங்கள் விட்டு விட்டு ஒரே மூலையில் மட்டும் கலங்குகின்றன, அல்லது கேமராவுக்குள் புதிதாக ஏதோ அரைக்கும் சத்தம் கேட்கிறது. அதை வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது.

## பகல் வெளிச்சத்தில் படம் வெளுத்துப் போகிறது

புகைப்படக்காரர் எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950-களில் எருதுச் சண்டையை வண்ணத் தீற்றல்களாக எடுத்தார். அன்றைய கோடாக்குரோம் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளி உணர்திறன், இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் 10 அளவில்தான் இருந்தது. மெதுவான ஷட்டர் அவருக்குத் தானாகவே கிடைத்தது. நம் கேமராக்கள் வெளிச்சத்தை விழுங்கும் பூதங்கள், அவற்றின் வாயைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 (லென்ஸ் துவாரமான அப்பர்ச்சரின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) என்றால் சரியான வேகம் சுமார் 1/100 நொடி. எஃப் 22-க்குப் போனால் 1/50. நமக்கு வேண்டியதோ 1/4. பள்ளம் அங்கேதான் இருக்கிறது. அதை இந்த வரிசையில் நிரப்புங்கள்.

ஐஎஸ்ஓவைக் கீழே இறக்குங்கள். 50 இருந்தால் 50. ஆனால் பல கேமராக்களில் அது நீட்டிக்கப்பட்ட அளவு, வெண்மைப் பகுதிகள் கொஞ்சம் சீக்கிரமே வெந்துவிடும். அப்பர்ச்சரை எஃப் 22 வரை மூடுங்கள். அவ்வளவு மூடினால் கூர்மை குறையும் என்று படித்திருப்பீர்கள், உண்மைதான். நாம் எடுக்கும் படத்தில் கூர்மையை யார் தேடப் போகிறார்கள்?

போதவில்லையா? நிழலுக்குள் போங்கள். திறந்த நிழலில் அதே அமைப்பில் 1/6 வரை கிடைக்கும். பணம் கொடுத்து வாங்கும் ஃபில்டரைவிட ஒரு மரத்தின் நிழல் பல நேரம் நல்ல ஃபில்டர். மேகமூட்டமும் விடிகாலையும் அந்தியும் அப்படியே.

அதுவும் போதாதென்றால் கையில் போலரைசர் இருக்கிறதா பாருங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் குடிக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), இலைகளின் மேல் உள்ள வெள்ளைப் பளபளப்பையும் எடுத்துவிடும். கடைசியாக, நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர். 3 ஸ்டாப் உள்ளது 1/50-ஐ 1/6 ஆக்கும், 6 ஸ்டாப் உள்ளது ஒரு நொடியைத் தாண்டவைக்கும். ஒன்று மட்டும்தான் வாங்க முடியும் என்றால் 3 ஸ்டாப் வாங்குங்கள். திருகித் திருகி அடர்த்தி மாற்றும் வகை வசதியாகத் தெரியும், ஆனால் அதிகபட்சத்துக்குத் திருப்பும்போது படத்தின் நடுவே பெருக்கல் குறி மாதிரி கறுப்பு நிழல் விழும். அது விழுந்தால் கொஞ்சம் பின்னால் திருப்புங்கள், ஃபில்டர் கெட்டுவிடவில்லை.

## எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளிகள்

எஃப் 22-க்குப் போனதற்கான கூலி இது. சென்சார் மேல் உள்ள தூசு. கேமரா எவ்வளவு அசைந்தாலும் தூசு சென்சாரோடு சேர்ந்தே அசைவதால், படம் முழுக்கக் கரைந்திருக்கும்போது புள்ளி மட்டும் தெளிவாக நிற்கும். ரோத்கோவின் ஓவியம் மாதிரி ஒரு வண்ணப் பரப்பு எடுத்து, அதன் மேல் ஈ உட்கார்ந்த மாதிரி ஏழு புள்ளிகள்!

சோதனை எளிது. வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப் 22-இல், ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். பிறகு எஃப் 5.6-இல் எடுங்கள். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் மங்கிப் போனால் தூசுதான். சென்சாரில் காட்சி தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும்.

கேமராவின் மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் வசதி இருந்தால் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். அடுத்தது ரப்பர் குமிழ் ஊதி. கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து ஊதுங்கள். உங்கள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தூசியைவிட மோசம். அழுத்தக் காற்று டப்பாவும் வேண்டாம், அதிலிருந்து திரவம் தெறிக்கும். அதற்குப் பிறகும் புள்ளி நகரவே இல்லை, அல்லது அதைச் சுற்றி எண்ணெய் மாதிரி வளையம் இருக்கிறது என்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொடுத்துவிடுங்கள். ஈரத் துடைப்பான் வாங்கி வீட்டிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை, கை நடுங்குகிறது.

புள்ளிகள் கறுப்பாக இல்லாமல் சிவப்பு, நீலம், பச்சையாக மின்னினால் அது தூசு அல்ல, சூடேறிய பிக்சல். லென்ஸ் மூடியைப் போட்டு எடுத்தாலும் தெரியும். நீண்ட பதிவுக்கான இரைச்சல் குறைப்பை இயக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

## நிறங்கள் சேறாகிப் போகின்றன

ஓவியம் தெரிந்தவர்களைத்தான் இது அதிகம் ஏமாற்றுகிறது. பாலெட்டில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை வரும். அசையும் கேமராவில் நீலமும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று ஓடினால் பச்சை வராது, சாம்பல்தான் வரும். அங்கே கலப்பது சாயம், இங்கே கலப்பது ஒளி. சிவப்புப் பூவையும் பச்சை இலையையும் சேர்த்து இழுத்தால் மங்கிய காக்கி மாதிரி ஒன்று கிடைக்கும். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்த தோட்டம் படத்தில் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

### அசைவைக் குறைத்துப் பாருங்கள்

பட்டை பட்டையாகப் பக்கத்தில் நின்றால் நிறங்கள் சண்டை போடும், அது நல்லது. முழுக்கக் கலந்துவிட்டால் சமாதானமாகிச் சாம்பலாகிவிடும். அதே காட்சியைப் பாதி தூரம் மட்டும் இழுத்து எடுங்கள்.

### திசையை மாற்றுங்கள்

பூக்கள் மேலே, இலைகள் கீழே என்று அடுக்காக இருந்தால் பக்கவாட்டில் இழுங்கள். அப்போது சிவப்பு சிவப்போடும் பச்சை பச்சையோடும்தான் கலக்கும்.

### காட்சியை மாற்றுங்கள்

பக்கத்துப் பக்கத்து நிறங்கள் நிறைந்த இடமாகப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, காவி. அல்லது நீலம், ஊதா. அதில் ஒரே ஒரு எதிர் நிறம் சிறிய அளவில் இருந்தால் போதும். ஓவியர் ஆதிமூலத்தின் வண்ணப் பரப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரே நிறத்தின் பல குரல்கள் கேட்கும், நடுவில் ஒரு கீற்று மட்டும் வேறு நிறத்தில் கிழித்துக்கொண்டு போகும்.

### ஒயிட் பேலன்ஸ்

ஒரே இடத்தில் எடுத்த பத்துப் படமும் பத்து நிறமாக இருந்தால் ஆட்டோவில் இருக்கிறது. "பகல்" என்று ஒன்றில் நிறுத்துங்கள். அந்திச் சிவப்பை ஆட்டோ "திருத்தி" வெள்ளையாக்கிவிடும், நாமோ அந்தச் சிவப்புக்காகத்தான் போயிருப்போம்.

இங்கே சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, கூட்டிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். சாம்பலில் சாச்சுரேஷனைக் கூட்டினால் அழுக்கு நிறமுள்ள சாம்பல் கிடைக்கும். வேலைக்கு ஆகாது.

## பல பதிவுகளை ஒன்றாக்கினால் பால் ஊற்றிய மாதிரி ஆகிறது

ஒரே சட்டத்தில் பல படங்களை அடுக்கும்போது முதலில் எந்த முறையில் அடுக்குகிறீர்கள் என்று பாருங்கள். கூட்டல் முறை என்றால் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். இரண்டு பதிவுக்கு ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப், நான்குக்கு 2 ஸ்டாப், எட்டுக்கு 3 ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். சராசரி முறை என்றால் குறைக்கத் தேவையில்லை, கேமராவே பார்த்துக்கொள்ளும். சராசரியில் வைத்துவிட்டு வெளிச்சத்தையும் குறைத்தால் படம் இருட்டாகும். அந்தப் புகாரும் வரும்.

வெளிச்ச முறையில் எந்தப் படத்தில் பிரகாசம் அதிகமோ அது ஜெயிக்கும். அதற்குக் கறுத்த பின்னணி வேண்டும். இருள் முறை அதற்கு நேர் எதிர், வெள்ளைப் பின்னணி வேண்டும். வெள்ளை வானத்துக்கு முன்னால் நிற்கும் கிளைகளை வெளிச்ச முறையில் அடுக்கினால் வானம் கிளைகளைத் தின்றுவிடும். இருள் முறைக்கு மாற்றுங்கள், கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று வலை பின்னும்.

ஒரு மரத்தைச் சுற்றி வந்து பன்னிரண்டு படம் எடுத்துக் கணினியில் அடுக்குகிறீர்களா? எல்லா அடுக்குக்கும் ஒரே ஒபாசிட்டி (அடியில் உள்ளதை எவ்வளவு மறைக்கும் என்ற சதவீதம்) கொடுத்தால் மேலே உள்ளது மட்டும் ஆதிக்கம் செலுத்தும், அல்லது அடியில் உள்ளது மறைந்துவிடும். அடியிலிருந்து 100, 50, 33, 25, 20 என்று கொடுத்துக்கொண்டு போங்கள். நூறை அடுக்கின் எண்ணால் வகுத்தால் வரும் எண் அது. அப்போது எல்லாப் படத்துக்கும் சம பங்கு. சுற்றி வரும்போது மரத்தின் தண்டு ஒவ்வொரு படத்திலும் சட்டத்தின் அதே இடத்தில் இருக்கட்டும். வ்யூஃபைண்டரில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் எளிது.

எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டும் மந்தமாக இருந்தால், படங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இருபதுக்கு மேல் போனால் எல்லாக் காட்சிகளும் ஒரே மூடுபனியாகிவிடுகின்றன.

## என்ன எடுத்திருக்கிறேன் என்று எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்

சுவர், துரு, உரிந்த வண்ணம், கிழிந்த போஸ்டர். அசைக்காமல் நேராக எடுக்கும் அரூபம். புகைப்படக்காரர் ஆரன் சிஸ்கின்ட் 1940-களில் இந்தப் பக்கம் திரும்பி வாழ்நாளெல்லாம் இதைச் செய்தார். நியூயார்க்கின் அரூப ஓவியர்கள் அவருடைய நண்பர்கள். பின்னாளில் ஓவியர் ஃபிரான்ஸ் க்ளைனுக்கு அஞ்சலியாகவே ஒரு சுவர்ப் படவரிசை எடுத்தார். அவருடைய படத்தைப் பார்த்தால் முதலில் சுவர் தெரியாது, கறுப்பு வீச்சுதான் தெரியும். நம் படத்தில் முதலில் சுவர் தெரிகிறது. ஏன்?

காட்டிக்கொடுப்பது எது என்று தேடுங்கள். பெரும்பாலும் இந்த வரிசையில் கிடைக்கும்: ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஆணி, கம்பி, புல் போன்ற அளவு சொல்லும் பொருள், படிக்க முடிகிற எழுத்து, அடிவானம் அல்லது தரைக்கோடு, ஒரு பக்கமாக விழும் நிழல், சாய்ந்து எடுத்ததால் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் தெரிவது. ஓர் அடி முன்னால் போனாலே முதல் மூன்றும் போய்விடும். சுவருக்கு நேர் எதிரே, லென்ஸ் சுவருக்குச் செங்குத்தாக இருக்கும்படி நின்றால் கடைசிப் பிரச்சினை போகும். நிழலுக்கு மேகம் வரும்வரை காத்திருங்கள்.

எழுத்து மட்டும் தனி வழக்கு. ஓர் எழுத்து முழுதாகத் தெரிந்தால் கண் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிடும். பாதி வெட்டுங்கள். 'ழ'வின் கீழ்ச் சுழிப்பு மட்டும் சட்டத்துக்குள் இருந்தால் அது வெறும் வளைவு.

அதற்கும் மசியவில்லை என்றால் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். காண்டின்ஸ்கி ஒருநாள் அந்தி வேளையில் தன் அறைக்குள் நுழைந்தபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஓர் ஓவியம் இனம்புரியாத அழகோடு தெரிந்தது; அருகில் போய்ப் பார்த்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த தன் சொந்த ஓவியம் என்று அவரே எழுதியிருக்கிறார். நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் "அட, கதவு" என்றுதான் தோன்றுகிறதா? அப்படியானால் அது கதவின் படம். நல்ல கதவுப் படமாகவும் இருக்கலாம், அந்த வரிசையில் போட்டு வையுங்கள்.

## யாருக்கும் எதுவுமே தெரியவில்லை, எனக்கும்தான்

மேலே சொன்னதன் மறுபக்கம். எல்லாவற்றையும் கரைத்தாயிற்று, மிஞ்சியது வால்பேப்பர்.

படத்தை அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அதில் இரண்டு அல்லது மூன்று பெரிய உருவங்கள், அதாவது ஒரு கரும்பகுதி, ஒரு வெளிர்ப்பகுதி, நடுவில் ஒன்று, தெரிய வேண்டும். முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள். இந்த ஒரு சோதனையை எடுக்கும் இடத்திலேயே செய்யலாம். கேமராவின் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வையுங்கள், ரா கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். நான் வருடக்கணக்காக அப்படித்தான் எடுக்கிறேன். ஓவியத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் அதன் நிறத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நிறத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் ஒளி, இருள் அமைப்பு. பிடித்த ஓவியம் ஒன்றையும் இதேபோல் சுருக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். திடுக்கிட்டுப் போவீர்கள்.

அமைப்பு இல்லை என்றால் திருத்தத்தில் கொண்டுவர முடியாது. திரும்பப் போய் எடுக்க வேண்டும். கரைப்பதைப் படிப்படியாகச் செய்யுங்கள். மோந்திரியான் 1908-க்குப் பிறகு நாலைந்து ஆண்டுகள் மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துதான் கோடுகளுக்கு வந்து சேர்ந்தார். முதலில் மரம் தெரியும் படம், அடுத்து கொஞ்சம் குறைவாக, அடுத்து இன்னும் குறைவாக. எந்தப் படியில் உயிர் போனது என்று தெரிந்துவிடும். அதற்கு முந்தைய படிதான் உங்களுக்கானது.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம் என்று இந்தத் தலைப்பிலும் ஒன்று உண்டு. பத்துப் படங்களைச் சிறிதாக அச்சிட்டு, வரைகிற ஒருவரிடம் காட்டுங்கள். புகைப்படக்காரரிடம் வேண்டாம், அவர் என்ன லென்ஸ் என்று கேட்பார்.

## ஓவிய ஃபில்டர் போட்ட மாதிரி மலிவாகத் தெரிகிறது

ஒருவேளை போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். எண்ணெய் ஓவிய ஃபில்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவு தூரிகைத் தடத்தை இடும்; முகத்துக்கும் வானத்துக்கும் ஒரே தூரிகையைப் பயன்படுத்தும் ஓவியர் கிடையாது.

போடாமலே அப்படித் தெரிந்தால் திருத்தும் மென்பொருளில் கிளாரிட்டி, ஷார்ப்னெஸ் இரண்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வாருங்கள். பெரும்பாலும் அவைதான். மேலே படிய வைத்த காகித டெக்ஸ்சர் என்றால் பாதிக்குக் குறையுங்கள், பிறகு இன்னொரு பாதி.

## மென்மையான நிறப்பரப்பில் வரி வரியாகத் தெரிகிறது

வரிகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

வானம் மாதிரியான மெல்லிய நிறமாற்றத்தில் உயரக்கோட்டு வரைபடம் போல அடுக்கடுக்காக இருந்தால் கோப்பின் பிரச்சினை. ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா 16,384 வைத்திருக்கும். ராவிலிருந்து 16 பிட்டில் திருத்தி, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். அதற்குப் பிறகும் லேசாகத் தெரிந்தால் கொஞ்சம் கிரெயின், அதாவது பொடிப் புள்ளிகள், தூவுங்கள், வரி உடைந்துவிடும். ஜேபெக் மட்டுமே இருக்கிறது என்றாலும் கிரெயின்தான் கதி.

படம் முழுக்கக் கிடைக்கோடாக, இருளும் ஒளியும் மாறி மாறி வந்தால் விளக்கின் பிரச்சினை. எல்இடி விளக்குகள் பல, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறையும் 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் துடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு வாருங்கள், ஷட்டரையும் மெதுவாக்குங்கள். அதே துடிப்பினால், அசைத்து எடுக்கும் இரவுப் படத்தில் விளக்கின் தடம் கோடாக இல்லாமல் புள்ளிகளாக விழும். அதை நான் கோளாறாகவே எண்ணுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் புள்ளியோவியம்.

## கைபேசியில் எதுவுமே கரைய மாட்டேன் என்கிறது

கைபேசி பல படங்களை வேகமாக எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, அசைவை நீக்கிவிடுகிறது. நீங்கள் அசைக்க அசைக்க அது திருத்தும். கேமரா செயலியில் 'ப்ரோ' முறை இருந்தால் ஷட்டரை 1/4-இல் வையுங்கள்; இல்லையென்றால் மெது ஷட்டர் செயலி ஒன்று. வெளிச்சம் அதிகமென்றால் அப்பர்ச்சரை மூட வழியில்லை, குளிர்கண்ணாடியின் ஒரு கண்ணை லென்ஸ் முன்னால் பிடியுங்கள். கொஞ்சம் நிறம் ஏறும், பரவாயில்லை.

## ஒரே ஒருமுறை அற்புதமாக வந்தது, மறுபடி வரவே மாட்டேன் என்கிறது

ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் கோப்பில் பதிவாகியிருக்கும். கை எப்படி அசைந்தது என்பது பதிவாகாது. அதனால் நல்ல படம் ஒன்று வந்ததும் அங்கேயே கைபேசியில் குரல் பதிவு செய்யுங்கள்: "இடமிருந்து வலம், இடுப்பைத் திருப்பி, முடிவில் லேசாகக் கீழே." அசட்டுத்தனமாக இருக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். ஆனால் எனக்கு இதுவரை இதைவிட நல்ல வழி அகப்படவில்லை. கை மட்டும் என்றால் ஒவ்வொரு முறையும் மாறும். இடுப்பிலிருந்து திரும்பினால் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும்.

எல்லாம் அதேபோலச் செய்தும் வரவில்லையா? வெளிச்சம் மாறியிருக்கும். பழைய படத்தின் நேரத்தைப் பார்த்து அதே வேளையில் போங்கள்.

## திரையில் ஒளிர்ந்தது, அச்சில் செத்துவிட்டது

செலவு அதிகமாகும் கோளாறு என்பதால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் தாளில் இருட்டாகத்தான் வரும். அச்சுக்கான திருத்தத்தில் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும் என்பார்கள். அளக்கக் கருவி இல்லையென்றால், வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில், நல்ல அறை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை திரையைக் குறையுங்கள்.

அப்புறம் அச்சைப் பார்க்கும் இடம். மங்கிய மூலையில் வைத்துவிட்டு இருட்டு என்றால் அது அச்சின் குற்றமில்லை. ஜன்னலருகே கொண்டு போங்கள்.

நிறம் மட்டும் மாறியிருந்தால் கோப்பின் நிற வெளியை (எந்தெந்த நிறங்கள் அதில் அடங்கும் என்ற வரையறையை) பாருங்கள். லேப் எஸ்ஆர்ஜிபி கேட்டிருக்கும், நீங்கள் அடோபி ஆர்ஜிபியில் கொடுத்திருப்பீர்கள். நிறம் வெளிறி வரும். சில மின்னும் நீலங்களும் ஆரஞ்சுகளும் எப்படிக் கொடுத்தாலும் தாளில் வராது, திரையில் மட்டும் வாழும். அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் போட்டால் அது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தாளும் ஒரு காரணம். மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது, பளபளப்புத் தாளில் இறங்கும். ஆனால் பளபளப்பில் ஓவியத்தன்மை போய்விடுகிறது என்பது என் எண்ணம். பருத்தி மேட் தாளில், கோப்பின் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டி அச்சிடுவது எனக்கு ஒத்துவருகிறது. பிக்சல் போதாதே என்று பயப்பட வேண்டாம். 24 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 20 அங்குல அகலம் வரும். கரைந்த படத்துக்கு 150 போதும், 40 அங்குலம் வரை போகலாம்.

பெரிதாக அச்சிடும் முன் ஒரே தாளில் அதே படத்தை நான்கு சிறு பட்டைகளாக, ஒன்றைவிட ஒன்று கால் ஸ்டாப் வெளிச்சம் கூட்டி அச்சிட்டு வாங்குங்கள். நான்கும் பிடிக்கவில்லை என்றால் திரையைக் கருவி வைத்து அளவீடு செய்ய வேண்டும். அதை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், அல்லது தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) தருகிற, சோதனை அச்சை உங்களோடு உட்கார்ந்து பார்க்கிற லேபுக்குப் போங்கள். போகும்போது கோப்போடு, உங்களுக்குப் பிடித்த நிறத்தில் வந்த பழைய அச்சு ஒன்றையும் கையில் கொண்டு போங்கள். "இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக" என்று வாயால் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம்.